ஜன்னல் சீட்டு

இல்ல சார், வேணாம். குடுக்க மாட்டேங்குறானேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. நல்ல மனசுலதான் கேக்குறீங்க, தெரியுது. பஸ்ல கைக்கொழந்தையோட ஒருத்தன் நின்னா, உக்காந்துருக்கவங்க கைய நீட்டி வாங்கி மடியில வச்சுக்குறது நம்ம ஊரு வழக்கந்தானே. நானே எத்தனையோ பேரு புள்ளைய வாங்கி வச்சுருக்கேன், எல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடி. இன்னைக்கு மட்டும் இவளை நானே வச்சுக்குறேன். பைய எடுத்துக்குறீங்களா? ரொம்ப தேங்ஸ் சார், உக்காந்துக்குறேன். ஐயோ, நீங்க நகர வேணாம், ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க. எனக்கு இந்த ஓரம் போதும். கொழந்தைக்குக் காத்து வரும், வாஸ்தவந்தான். வேணாம் சார். இந்தப் புது பஸ்ல ஜன்னலுக்குக் கம்பி கூட வைக்கல, பாருங்க.

ஸ்ரீரங்கம்தான் சார். அம்மா மண்டபம் ஸ்டாப்ல எறங்கணும். நீங்களும் ஸ்ரீரங்கமா? அப்ப கடைசி வரைக்கும் வருவீங்க. நல்லது. நீங்க பாதியில எறங்கிட்டா வேற யாராவது வந்து உக்காருவாங்க, அவங்களும் கொழந்தைய கேப்பாங்க, அவங்களுக்கும் மொதல்லேருந்து சொல்லணும்.

பொண்ணு சார். சாவித்திரின்னு பேரு, எங்கப்பா வச்சது.

ஆமா சார். மகாலட்சுமிதான். வீட்டுக்கு வந்த மகாலட்சுமிதான். இதச் சொல்லாத ஆளே இல்ல சார். ஆஸ்பத்திரியில நர்ஸம்மா சொன்னாங்க, ஸ்வீட் கடைக்காரர் சொன்னாரு, ஒர்க்‌ஷாப்ல மேஸ்திரி தோள்ல தட்டிக் குடுத்துச் சொன்னாரு. துக்கம் விசாரிக்கிற மாதிரியே சொல்வாங்க. உங்களச் சொல்லல, நீங்க சந்தோசமாத்தான் சொன்னீங்க. எனக்குத்தான் அந்த வார்த்தையக் கேட்டா மொகத்த எங்க வச்சுக்குறதுன்னு தெரியல.

அவங்கம்மாவா? முன்னாடி பஸ்ல போயிட்டா. ஜோதின்னு பேரு. சண்டையெல்லாம் இல்ல சார். சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுல நின்னோம். பஸ் வந்துச்சு. பாப்பாவ தூக்கி என் கையில குடுத்தா, பால் பாட்டில் இருக்குற பைய என் தோள்ல மாட்டுனா, நீங்க அடுத்த பஸ்ல வாங்கன்னு சொல்லிட்டு ஏறிட்டா. திரும்பிக் கூடப் பாக்கல. பாத்தா எறங்கிருவோம்னு அவளுக்குத் தெரியும், அதான் பாக்கல. இந்தப் புள்ளைய யாரு கையிலயும் குடுக்காம, என் மடியிலயே வச்சு, ஸ்ரீரங்கத்துல கொண்டுபோய் அவகிட்ட ஒப்படைக்கணும். இன்னைக்கு எனக்கு அவ்வளவுதான் வேலை. இதெல்லாம் ஒரு வேலையாடான்னு நெனைப்பீங்க.

நெனைக்கலாம் சார், தப்பில்ல. இவளுக்கு ஒரு வயசு ஆகப்போகுது. நான் இவளைத் தனியாத் தூக்கிட்டு வெளிய வர்றது இன்னைக்குத்தான் மொதல்.

பாத்தீங்களா. நீங்களும் அதே பார்வை பாக்குறீங்க. பொம்பளப் புள்ளன்னு ஒதுக்கி வச்சுருந்தானோன்னு. மறைக்காதீங்க சார், பழகிப்போச்சு. எங்க மாமியாரு பாப்பாயின்னு பேரு, அவங்க இந்தப் பார்வையத்தான் சோத்தோட சேத்துப் பரிமாறுவாங்க. தெருவுல இருக்கவங்க, சொந்தக்காரங்க, எல்லாம் அப்படித்தான். அவங்க மேல என்ன தப்பு? ஆம்பள ஒருத்தன் சொந்தப் பொண்ணைத் தொடாம சுத்துனா, இந்த ஊருல வேற என்னன்னு நெனைப்பாங்க?

பாலக்கரை வந்துருச்சா? ஆளு ஏறுது. இந்தப் பக்கம் கொஞ்சம் சாஞ்சுக்குறேன் சார், இடிச்சிருவாங்க புள்ளைய.

கை நடுங்குதா? ஆமா, நடுங்கும். காய்ச்சல் இல்ல சார். குடிக்கிறதும் இல்ல. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டரா இருக்கேன், வேலையில நடுங்காது. இவளைத் தூக்குனா நடுங்கும். மனசுல ஒரு கோளாறு சார். ஓசிடின்னு சொல்றாங்க. ஆமா, கைய கழுவிக்கிட்டே இருப்பாங்களே, அதே நோய்தான். அது ஒரு வகை. எனக்கு வேற வகை. கைய கழுவுற வகையா இருந்துருந்தா நாலு பேருகிட்ட சொல்லிருப்பேன், சுத்தக்காரன்னு பேராவது கெடைச்சுருக்கும்.

எனக்கு நெனப்பு சார். வேண்டாத நெனப்பு. கூப்பிடாம வரும், போகச் சொன்னா போகாது. என்ன நெனப்புன்னு மட்டும் கேக்காதீங்க. கேட்டீங்கன்னா நான் எந்திரிச்சு நின்னுக்குவேன்.

கோவம் இல்ல சார், வெக்கம். உக்காருங்க. சொல்ற வரைக்கும் சொல்றேன்.

தலைப்பிரசவம் அவ அம்மா வீட்டுல, ஸ்ரீரங்கத்துல. மூணாம் மாசம் கொண்டுவந்து விட்டாங்க. எங்க வீடு எடமலைப்பட்டி புதூர்ல, எங்கப்பா ரிட்டயராகி வாங்குன வீடு. அதுவரைக்கும் நான் நல்லாத்தான் சார் இருந்தேன். ஷிப்ட் முடிஞ்ச கையோட ஸ்ரீரங்கம் ஓடுவேன், கைய காலக் கழுவிட்டு இவளைத் தூக்கி வச்சுக்குவேன், மாமியாரே போதும் மாப்ள, புள்ள சூடாயிரும்னு வாங்கி வச்சுக்குவாங்க. அப்ப பொம்பளப் புள்ளங்குறது எனக்குத் தெரியாதா? ஒருத்தரும் அதை யோசிக்கல பாருங்க. கொண்டுவந்து விடுற அன்னைக்கு ஆட்டோ பிடிச்சு வந்தோம். இவ என் மடியில. ஜோதி நடுவுல, மாமியாரு அந்த ஓரம். காவேரிப் பாலத்து மேல ஆட்டோ போகுது, தண்ணி நெறையா ஓடுது, நான் இவளுக்கு ஆத்தக் காட்டலாம்னு கொஞ்சம் தூக்கிப் பிடிச்சேன். அப்ப வந்துச்சு சார் அந்த நெனப்பு. யாரோ காதுல சொன்ன மாதிரி கூட இல்ல, என் குரல்லயே வந்துச்சு. அதான் கொடுமை.

ஒடம்பு பூரா வேர்த்துப்போச்சு. பிடி பிடின்னு ஜோதி மடியில போட்டுட்டேன். ஈரம் பண்ணிட்டாளான்னு மாமியாரு கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன். அதுதான் மொதப் பொய்.

அன்னையிலேருந்து இவளைத் தொடல சார். நான் யாரு, என்ன மாதிரி ஆளு, ஒரு தகப்பனுக்கு இப்படி ஒரு நெனப்பு வரலாமா, வந்துச்சுன்னா உள்ள அந்த ஆசை இருக்கோ என்னமோ. நெஞ்சுல கைய வச்சுச் சொல்றேன், அதத்தான் நாள் பூரா யோசிச்சேன். லேத்துல நிக்கும்போது யோசிச்சேன், சோறு திங்கும்போது யோசிச்சேன். ஓ.டி. கேட்டு வாங்கி வேலை பாத்தேன், வீட்டுக்கு லேட்டாப் போகலாம்னு. மாடிக்கதவப் பூட்டிட்டு சாவிய என் சட்டைப் பையில வச்சுக்குவேன், பூட்டுனோமான்னு திரும்பத் திரும்பப் போய் இழுத்துப் பாப்பேன். அருவாமனைய எடுத்துப் பரண் மேல, பழைய பாய்க்குப் பின்னாடி ஒளிச்சு வச்சுட்டேன். ஜோதி பாவம், வெண்டக்காய வச்சுக்கிட்டு வீடு பூரா தேடுறா. எலி தூக்கிட்டுப் போயிருக்கும்னு சொன்னேன் சார். அருவாமனைய எலி தூக்கிட்டுப் போகுமா? அவ என்னைய மேலயும் கீழயும் பாத்தா. அப்பயே கொஞ்சம் சந்தேகப்பட்டுருக்கணும், ஏதோ கிறுக்குன்னு. அவ புத்தி அந்தப் பக்கம் போகல.

சிரிங்க சார், பரவால்ல. இப்ப எனக்கே சிரிப்பு வருது.

இவளும் வளர்ந்துட்டா. தவழ ஆரம்பிச்சா. வீட்டுல அத்தனை பேரு இருந்தாலும் நேரா என்கிட்டத்தான் வருவா. எந்த ஜென்மத்துக் கடனோ. ஒரு நாள் நான் வாசப்படியில உக்காந்து ஷூ மாட்டுறேன், பின்னாடியிருந்து வந்து என் முட்டியப் பிடிச்சு எந்திரிச்சு நிக்கிறா. மொத மொதலா நிக்கிறா சார். எல்லாரும் பாருங்க பாருங்கன்னு கத்துறாங்க. நான் வெடுக்குன்னு கால இழுத்துட்டேன். பொத்துன்னு விழுந்துட்டா. படியில நெத்தி பட்டு, இங்க பாருங்க, புருவத்துக்கு மேல, இந்தத் தழும்பு, இது நான் குடுத்தது. எவளுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு தொடாம இருந்தனோ, அவளுக்கு நான் தொடாம இருந்ததாலயே ரத்தம் வந்துச்சு.

இந்தாம்மா, அழாத, அழாத. கூட்டத்தப் பாத்தா கொஞ்சம் சிணுங்குவா. முறுக்கா சார்? மணப்பாறை முறுக்கா? உங்க பொண்ணு வீட்டுக்கு வாங்கிட்டுப் போறதுல போய்... சரி, ஒரு துண்டு குடுங்க. பல்லு ரெண்டுதான், சும்மா சப்பிக்கிட்டு இருப்பா. தேங்ஸ் சார். சட்டையில எச்சி வடியட்டும், கெடக்கு.

அன்னைக்கு சாயங்காலம் மாமியாரு வந்துட்டாங்க. கூடத்துல எல்லாரும் இருக்காங்க. ஜோதி புள்ளைய மடியில போட்டுக்கிட்டு சொவத்தப் பாத்துக்கிட்டு இருக்கா. மாமியாருதான் கேட்டாங்க, வாயத் தொறந்து சொல்லுங்க மாப்ள, பொம்பளப் புள்ளைன்னுதானே இந்த வெறுப்புன்னு. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அப்ப எங்கப்பா எந்திரிச்சாரு.

எங்கப்பாவப் பத்திச் சொல்லணும் சார். காத்தான்னு பேரு. பொன்மலையில கலாசின்னு எடுபிடி வேலைக்குச் சேந்து யூனியன்ல பெரிய ஆளா வந்தவரு. ஆணும் பொண்ணும் ஒண்ணுன்னு மேடைக்கு மேடை பேசுன மனுசன், வீட்டுலயும் அப்படித்தான் நடந்தாரு. என் தங்கச்சிய எனக்கு மேல படிக்க வச்சாரு. எனக்கு பீமராவ்னு பேரு வச்சாரு. பேரச் சொன்னதும் நிமிர்ந்து பாக்குறீங்கள்ல, சட்டம் எழுதுன அந்தத் தலைவரு பேரத்தான் எனக்கு வச்சாரு. ஸ்கூல்ல, வேலையில, இந்தப் பேரால வாங்குன பேச்சும் உண்டு, தலை நிமிர்ந்து நின்னதும் உண்டு. அவரு வந்து என் முன்னாடி நிக்கிறாரு. அந்தம்மா கேக்குறது உண்மையாடா, நான் வச்ச பேருக்கு நீ இத்தனை நாள் அர்த்தமே தெரிஞ்சுக்கலையான்னு கேட்டாரு. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுடா, போதும்னாரு. கெஞ்சுறாரு சார், எங்கப்பா.

இல்லைன்னு சொன்னா அடுத்த கேள்வி வரும்ல? அப்புறம் ஏன் தொட மாட்டேங்குறன்னு வரும்ல? அதுக்கு என்ன சொல்றது?

ஆமான்னு சொல்லிட்டேன் சார். ஆமாப்பா, எனக்குப் பொட்டப்புள்ள வேணாம்னு சொல்லிட்டேன். வாயால சொன்னேன். இவளும் அங்கதான் இருந்தா, நெத்தியில பஞ்சு ஒட்டிக்கிட்டு, என்னையப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தா.

அப்பா அடிப்பாருன்னு எதிர்பாத்தேன். அடிக்கல. சட்டைய மாட்டுனாரு, வெளிய போயிட்டாரு. மறுநாள் காலையில அவரே ஜோதியையும் பாப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போய் ஸ்ரீரங்கத்துல விட்டுட்டு வந்தாரு. அன்னையிலேருந்து என்கூடப் பேச்சு இல்ல. ஞாயித்துக்கெழமை ஆனா பழம் வாங்கிட்டுப் பேத்தியப் பாக்கக் கெளம்பிருவாரு. நான் வேற வழியில்லாம வீட்டுல உக்காந்துருப்பேன். எனக்கு நிம்மதியா இருந்துச்சு சார், அதச் சொல்லத்தான் வேணும். புள்ள பத்திரமா ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கா, நான் இந்தப் பக்கம் இருக்கேன், இனிமே ஒண்ணும் நடக்காது. கேவலமான நிம்மதி. ரெண்டு நாள்தான் அதுவும் இருந்துச்சு. அப்புறம் அவ இல்லாமலே அந்த நெனப்பு வந்துச்சு.

மெயின்கார்டு கேட் வந்துருச்சா? இங்க எப்பயும் இப்படித்தான் நிக்கும்.

டோனின்னு கூட வேலை பாக்குறவன், அவன்தான் பாத்துட்டுக் கேட்டான். நான் அவன்கிட்ட நாளுக்குப் பத்து வாட்டி, டேய் நான் நல்லவன்தானடா, நான் யாருக்கும் கெடுதல் பண்ணிற மாட்டேன்லன்னு கேப்பேனாம். எனக்கே தெரியாது அவ்வளவு வாட்டி கேட்டேன்னு. அவன்தான் கண்டோன்மென்ட்ல ஒரு டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனான். மாத்திரை குடுத்தாங்க. கூடவே கவுன்சிலிங்குக்கு ஷெர்லின் மேடம்னு ஒருத்தங்ககிட்ட அனுப்புனாங்க. என்னைய விடச் சின்ன வயசு சார் அவங்களுக்கு. அவங்க முன்னாடி எப்படி இதச் சொல்றது? மொத நாள் பூரா ஃபேனப் பாத்துட்டு வந்துட்டேன். அப்புறம் ஒரு நாள், போலீஸக் கூப்பிட்டாலும் கூப்பிடட்டும்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவங்க பதறவே இல்ல. தண்ணி குடிங்க பீமராவ்னு சொன்னாங்க. இந்த நெனப்போட எத்தனையோ அம்மாமாரு, அப்பாமாரு வந்து அந்த நாற்காலியில உக்காந்துருக்காங்களாம். யாருக்கு எது உசுரோ, அதைப் பிடிச்சுத்தான் இந்த நோய் உலுக்குமாம். புள்ள மேல ஆசை இல்லாதவனுக்கு இந்த நெனப்பு வந்தா, வந்த வழியா போயிருமாம்.

அப்பாடா, நான் நல்லவன்னு சொல்லிட்டாங்கன்னு எனக்கு ஒரே சந்தோசம். மறுவாரம் போய், நான் அப்படிப் பண்ண மாட்டேன்ல மேடம்னு கேட்டேன். பதில் சொல்லல. திரும்பக் கேட்டேன். அதுக்கு நான் பதில் சொன்னா நாளைக்கு மறுபடி கேப்பீங்க பீமராவ், அருவாமனைய ஒளிச்ச மாதிரிதான் இதுவும்னாங்க. எனக்கு சுருக்குன்னுச்சு. காசு வாங்கிட்டு ஒரு ஆறுதல் வார்த்தை சொல்ல மாட்டேங்குறாங்களேன்னு கோவம் கூட வந்துச்சு.

அப்புறம் ஒண்ணு கேட்டாங்க. ஒர்க்‌ஷாப்ல சங்கு ஊதுமே, அப்ப நீங்க என்ன பண்ணுவீங்கன்னு. ஒண்ணும் பண்ண மாட்டோம் மேடம், ஊதும், நிக்கும், நாங்க வேலையப் பாப்போம்னேன். புதுசா வர்றவன்தான் காதப் பொத்துவான். சத்தத்த நிறுத்தணும்னு யாராவது சங்குக்குப் பின்னாடி ஓடுவீங்களான்னு கேட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நானு அத்தனை மாசமா சங்குக்குப் பின்னாடிதானே ஓடிக்கிட்டு இருந்தேன். நெனப்பு வரட்டும், விரட்டாதீங்க, சண்டை போடாதீங்க, அது பாட்டுக்கு ஊதட்டும், நீங்க எந்த வேலையப் பாக்கணுமோ அதைப் பாருங்கன்னாங்க.

கேக்க சுலபமா இருக்குல்ல? செய்யுறது உசுரு போயிரும் சார். அந்த நெனப்ப வாய் விட்டுச் சொல்லச் சொன்னாங்க. பஸ் கண்டக்டர் ஸ்டாப்பிங் பேரு கத்துற மாதிரி ராகம் போட்டுச் சொல்லச் சொன்னாங்க. சத்திரம், சத்திரம், சத்திரம்லாம் எறங்குன்னு கத்துவாங்கள்ல, அந்த ராகத்துல. ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு நான் அதைக் கத்துறேன், கண்ணுலேருந்து தண்ணி கொட்டுது, சிரிப்பும் வருது. வெளிய உக்காந்துருந்தவங்க என்ன நெனச்சாங்களோ. பாதி நாள் மனசு லேசா இருந்துச்சு, மறுநாள் திரும்பவும் பழையபடி. அப்படித்தான் ஏறி எறங்கி வந்தேன்.

ஜோதிக்குச் சொல்லணும்னாங்க. அதுக்குத்தான் ரொம்ப நாள் ஆச்சு. அவளை வரச்சொல்லி, மேடம் ரூம்லயே வச்சுச் சொன்னேன். எல்லாத்தையும், அந்த நெனப்ப உள்ளபடியே. புள்ளைய வாரி எடுத்துக்கிட்டு ஓடிருவான்னு நெனச்சேன். ஓடல. புள்ளைய மடியில சரியா உக்கார வச்சா. அப்புறம் கேட்டா, அப்ப பொண்ணுன்னு இல்லையா? நான் இல்லைன்னேன். திரும்பவும் கேட்டா, பொண்ணு பெத்தேன்னு என் மேல உனக்கு வெறுப்பு இல்லையா? மொத தடவையா என்னைய நீ, உனக்குன்னு பேசுறா. இல்ல ஜோதின்னேன். அழுதா பாருங்க சார், அப்படி ஒரு அழுகை நான் பாத்ததில்ல. பொண்ணப் பெத்துட்டோமேன்னு இத்தனை மாசமா என்னைய நானே சபிச்சுக்கிட்டு இருந்தேனே, உன் நெனப்ப மறைக்க என் புள்ள பொறப்பக் குத்தமாக்கிட்டியே, நோயாளிங்குற பேரை விட பொண்ண வெறுக்குறவங்குற பேரு உனக்கு மரியாதையாத் தெரிஞ்சுச்சான்னு கேட்டா.

 நெனப்பு வந்தது நோய், அதுக்கு வெக்கப்பட வேணாம்னு மேடம் சொல்லிட்டாங்க. கொஞ்சம் கொஞ்சமா அந்த வெக்கம் கொறையுது. ஆமான்னு சொன்னேனே, அது நோய் இல்லையே. அது நான்தானே. உங்களுக்கும் பொண்ணு இருக்குன்னீங்க, அதான் உங்க மொகத்தப் பாத்துச் சொல்ல முடியல, இவ தலையப் பாத்துக்கிட்டே சொல்லிக்கிட்டு இருக்கேன்.

சத்திரம் வந்துட்டோமா? எறங்குறவங்க எறங்கட்டும்.

அப்புறம் மெல்ல மெல்ல. மொதல்ல ஒரே ரூம்ல உக்காந்தேன். அப்புறம் ஜோதி பக்கத்துல இருக்க மடியில வச்சேன். நெனப்பு ஊதும், ஊதட்டும்னு இவ சட்டைப் பித்தானப் போட்டு விடுவேன். மேடம் ஒரு தடவை கேட்டாங்க, இந்தப் பயமே இல்லாத ஆளா இருந்தா நீங்க இவளுக்கு எப்படிப்பட்ட அப்பாவா இருப்பீங்கன்னு. பெரிசா என்ன சொல்றது? எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தோணுச்சு. சின்னப்புள்ளையில எங்கப்பா என்னைய இதே ரூட்டு பஸ்ல கூட்டிக்கிட்டு வருவாரு. பாலம் வந்ததும் மடியில நிக்க வச்சு, அந்தா பாருடா காவேரின்னு காட்டுவாரு. தண்ணி இருக்கோ மணலு இருக்கோ, காட்டிருவாரு. அதச் செய்யணும் மேடம்னேன். அப்பயும் பயம் கூடவே வரும் பீமராவ், பயத்தையும் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுங்கன்னாங்க. அதுதான் சார் இன்னைக்கு.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. ஜோதி சொல்ல மாட்டேன்னுட்டா, அவரு முன்னாடி ஆமான்னு சொன்ன வாயாலயே நீங்க சொல்லுங்கன்னுட்டா. நியாயந்தானே. இன்னைக்கு ஞாயித்துக்கெழமை, அவரு இந்நேரம் அங்கதான் இருப்பாரு. மேடம் எனக்காகத்தான் லீவு நாள்லயும் எங்க மூணு பேரையும் கண்டோன்மென்ட்டுக்கு வரச் சொன்னாங்க, அங்கேருந்துதான் திரும்புறோம். அம்மா மண்டபத்துல ஜோதி அவரையும் கூட்டிக்கிட்டு வந்து நிக்கப் போறா. நான் இவளைத் தூக்கிக்கிட்டு எறங்குறத அவரு பாக்கணும்.

அண்ணா சிலை தாண்டிட்டோம். அந்தா, திரும்புது பாருங்க. வண்டியெல்லாம் நிக்குது, பாலத்துல மெதுவாத்தான் போகும்.

தப்பா நெனைக்காதீங்க சார், வாய் ஓயாமப் பேசிட்டேன். பயந்தவன் இருட்டுல பாட்டுப் பாடுவான்ல, அந்தக் கதைதான். என்ன நெனப்புன்னு கேக்காதீங்கன்னு மொதல்ல சொன்னேன்ல. இவளைத் தூக்கி ஆத்துல போட்டுருவேன்னு, சார். இந்தப் பாலத்துலேருந்து. அதான் அந்த நெனப்பு. இப்பயும் வருது, நல்லாக் கேக்குது.

வேணாம் சார், கைய எடுங்க. குடுக்க மாட்டேன். உங்க பதட்டம் எனக்குப் புரியுது, உங்க எடத்துல யாரு இருந்தாலும் பறிக்கத்தான் பாப்பாங்க. அதுக்குத்தான் சொல்லாமலே இருந்தேன். ஒண்ணும் ஆகாதுன்னும் சொல்லிறாதீங்க. அந்த வார்த்தைக்கு நான் நாயா அலைஞ்சிருக்கேன், இன்னைக்கு அது இல்லாமப் போய்ப் பாக்குறேன்.

ஒரே ஒரு உதவி பண்ணுங்க. ஏறுனப்பவே நீங்க குடுத்தீங்க, நான்தான் வாங்கிக்கல. கொஞ்சம் எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்க சார், ஜன்னல் பக்கம் நான் உக்காந்துக்குறேன்.

ஆமா, நடுங்குது. நடுங்கட்டும் சார், பிடிச்சுத்தான் இருக்கேன்.

வாம்மா. மடியில நில்லு. முறுக்க அப்பா சட்டையில வை, பரவால்ல. அந்தா பாரு சாவித்திரி, காவேரி.